கண்ணாடி பாவம், குற்றவாளி வேற மச்சி!

அரியர் லிஸ்ட், இன்டர்னல் மார்க், ப்ராஜெக்ட் ரிவ்யூ எல்லாத்தையும் ஒரு பத்து நிமிஷம் ஓரமா வைங்க. இந்த வாரம் நாம பேசப்போற ஹீரோ யாரு தெரியுமா? ஜன்னல்!

'என்னது, ஜன்னலா? கிளாஸ்ல நாங்க பார்க்கிறதே அதைத்தானே'ன்னு கடைசி பெஞ்ச்ல இருந்து சவுண்டு வருது. தெரியும் பாஸ். ஆனா நீங்க ஜன்னல் வழியா வெளிய பார்த்திருக்கீங்க. ஜன்னலைப் பார்த்திருக்கீங்களா? அங்கதான் மேட்டரே இருக்கு.

கேம்பஸ் இன்டர்வியூவுக்கு ஓ.எம்.ஆர். பக்கம் போனா, உச்சியில இருந்து அடி வரைக்கும் கண்ணாடி போட்ட கட்டடம்தான் நம்மை வரவேற்குது. ஊர்ல புதுசா முளைக்கிற ஃப்ளாட்டெல்லாம் பதினஞ்சு மாடி, இருபது மாடி. நம்ம ஹாஸ்டல்களே அஞ்சாறு மாடிக்கு ஏறிடுச்சு. உயரம் ஏறுது, கண்ணாடி பெருசாகுது, கம்பி காணாமப் போகுது. இதுக்கு நடுவுல யாருமே கேட்காத ஒரு கேள்வி இருக்கு. அந்தக் கண்ணாடியைப் பிடிச்சுக்கிட்டு நிற்கிறது எது?

மூணு ஊர்ல நடந்த மூணு கதை சொல்றேன். மூணுலயும் முதல் சந்தேகம் கண்ணாடி மேலயோ, காத்து மேலயோதான் போகும். உண்மையான வில்லன் வேற.

பாஸ்டன்: பலகை ஒட்டின வானளாவி

அமெரிக்காவுல பாஸ்டன் நகரம். ஜான் ஹான்காக் டவர்னு 60 மாடிக் கட்டடம், உயரம் 241 மீட்டர். டிசைன் பண்ணினது ஐ.எம்.பெய் நிறுவனத்தைச் சேர்ந்த ஹென்றி காப். மொத்தக் கட்டடமும் நீலக் கண்ணாடி. எண்ணிக்கை 10,344. ஒவ்வொண்ணும் சுமார் 225 கிலோ. அதாவது மூணு, நாலு ஆள் எடை.

கட்டி முடிக்கிறதுக்குள்ளயே ஆரம்பிச்சது சோதனை. 1973 ஜனவரி 20-ம் தேதி ராத்திரி பலத்த புயல் காத்து. குறைஞ்சது 65 கண்ணாடி மேல இருந்து பெயர்ந்து விழுந்துச்சு. அதுக்கப்புறமும் ஒண்ணொண்ணா விரிசல் விட ஆரம்பிச்சது. காத்து மணிக்கு 72 கிலோமீட்டரைத் தாண்டினா, போலீஸ் வந்து சுத்தியிருக்கிற ரோட்டை மூடுவாங்க. கண்ணாடி போன இடத்துலெல்லாம் பிளைவுட் பலகை அடிச்சாங்க. அடிச்சு அடிச்சு, பலகையோட மொத்தப் பரப்பே ஒரு ஏக்கர் அளவுக்கு வந்துடுச்சு. ஊர்க்காரங்க சும்மா இருப்பாங்களா? 'பிளைவுட் பேலஸ்'னு பேர் வெச்சுட்டாங்க.

காரணம் என்ன? எல்லாரும் சொன்னது, 'கட்டடம் காத்துல ஆடுது, அதனாலதான் கண்ணாடி தெறிக்குது.' ஆடினது நிஜம்தான். அதை அடக்க 58-வது மாடியில தலா 300 டன் எடையுள்ள ரெண்டு பெரிய டேம்பர் பின்னாடி வெச்சாங்க. ஆனா கண்ணாடி விழுந்ததுக்கு அது காரணமில்ல. எம்.ஐ.டி.யோட காற்றுச் சுரங்கத்துல மாடல் வெச்சு டெஸ்ட் பண்ணி, உடைஞ்ச துண்டுகளை எடுத்து ஆராய்ஞ்சு பார்த்தப்பதான் விஷயம் புரிஞ்சது.

அந்த ஜன்னல் ஒவ்வொண்ணும் ரெட்டைக் கண்ணாடி. ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல கொஞ்சம் காத்து, ஓரத்துல சுத்தி வர ஒரு ஈயப்பட்டை. அந்தப் பட்டையை கண்ணாடியோட சால்டர் பண்ணி ஒட்டியிருந்தாங்க. கண்ணாடி வெயில்ல விரியும், குளிர்ல சுருங்கும், காத்துல அதிரும். இதுக்கெல்லாம் அந்த ஒட்டு கொஞ்சம் நெளிஞ்சு கொடுக்கணும். ஆனா இங்க ஒட்டு அவ்வளவு இறுக்கம். நெளியவே இல்ல. திரும்பத் திரும்ப அதிர்ந்ததுல சால்டர்ல விரிசல் விழுந்து, அந்த விரிசல் அப்படியே கண்ணாடிக்குள்ள இறங்கிடுச்சு. மெக்கானிக்கல் பசங்களுக்குத் தெரிஞ்ச அதே 'ஃபெட்டீக்' ஃபெயிலியர்தான்.

கவனிங்க மக்கா. ஒட்டு வீக்கா இருந்ததால உடையல. அளவுக்கு மீறி ஸ்ட்ராங்கா இருந்ததாலதான் உடைஞ்சது. விட்டுக்கொடுக்கத் தெரியாத உறவு எப்படி முறியும்னு சினிமாவுல பார்த்திருப்போம். பாஸ்டன்ல அதையே 60 மாடி உயரத்துல பார்த்தாங்க.

கடைசியில என்ன பண்ணாங்க தெரியுமா? விழுந்ததை மட்டும் மாத்தல. 10,344 கண்ணாடியையும் கழட்டி, ஒற்றை டெம்பர்டு கண்ணாடியா மாத்தினாங்க. 1976-ல கட்டடம் திறந்தாங்க. சம்பந்தப்பட்டவங்களுக்குள்ள சமரச ஒப்பந்தம் ஆனதால, காரணம் பல வருஷம் வெளிய சொல்லப்படவே இல்ல. இன்னிக்கும் அந்தக் கட்டடம் கம்பீரமா நிக்குது, 2015-ல இருந்து 200 கிளாரண்டன்ங்கிற பேர்ல.

டொரான்டோ: உடையாத கண்ணாடி

அடுத்த கதை கனடா. கொஞ்சம் கனமானது. 1993 ஜூலை 9. டொரான்டோ-டொமினியன் சென்டர்ல 24-வது மாடி. ஒரு சட்ட நிறுவனத்துக்கு மாணவர்கள் வந்திருந்தாங்க, நம்மளை மாதிரி பசங்க. அங்க சீனியரா இருந்த ஒரு வக்கீல், 'இந்தக் கண்ணாடி உடையவே உடையாது'ன்னு காட்டுறதுக்காக ஜன்னல் மேல ஓடிப்போய் மோதினார். ஏற்கெனவே பலமுறை செஞ்சு காட்டின விஷயம்தான். முதல் தடவை கண்ணாடி அவரைத் திருப்பித் தள்ளிடுச்சு. ரெண்டாவது தடவை...

அவர் சொன்னது சரிதான். கண்ணாடி உடையல. ஃப்ரேம்ல இருந்து அப்படியே முழுசாக் கழண்டு, அவரோட சேர்ந்து வெளிய போயிடுச்சு.

இதை இன்டர்நெட்ல காமெடி மாதிரி ஃபார்வர்டு பண்றவங்க நிறைய. சிரிக்கிற விஷயமில்ல பாஸ், ஒரு மனுஷனோட உயிர். நாம எடுத்துக்க வேண்டியது வேற. ஒரு பொருளோட பலம் வேற, அதைப் பிடிச்சிருக்கிற அமைப்போட பலம் வேற. ஜன்னல்ங்கிறது கண்ணாடி மட்டும் இல்ல. கண்ணாடி, ரப்பர் பீடிங், ஃப்ரேம், ஸ்க்ரூ, சுவர்... இத்தனையும் சேர்ந்ததுதான் ஜன்னல். இதுல எது ரொம்ப வீக்கோ, அதோட பலம்தான் மொத்த ஜன்னலோட பலம். அப்புறம் இன்னொண்ணு. ஒரு ஜன்னல் நேத்து தாங்குச்சுங்கிறதுக்காக இன்னிக்கும் தாங்கும்னு எந்தப் புத்தகத்துலயும் எழுதல.

கொஞ்சம் தியரி, தூங்கிடாதீங்க!

மூணாவது கதைக்குப் போறதுக்கு முன்னாடி குட்டி லெக்சர். அட்டெண்டன்ஸ் உண்டு!

ஜன்னல் கண்ணாடி எப்படி இவ்வளவு வழவழன்னு வருது? 1950-கள்ல இங்கிலாந்துல அலஸ்டர் பில்கிங்டன் கொண்டுவந்த 'ஃப்ளோட்' முறை. 1,500 டிகிரிக்கு மேல உருக்கின கண்ணாடிக் குழம்பை, உருகின வெள்ளீயத்து மேல ஓடவிடுவாங்க. தண்ணி மேல எண்ணெய் மிதக்கிற மாதிரி அது மிதந்துக்கிட்டே பரவும். ரெண்டு பக்கமும் தானாவே சமமாகிடும். தேய்க்கவும் வேணாம், பாலீஷும் வேணாம். உலகத்துல இன்னிக்கு ஜன்னல் கண்ணாடி பெரும்பாலும் இப்படித்தான் தயாராகுது.

ஏதோ ஃபாரின் சமாச்சாரம்னு நினைக்காதீங்க. நம்ம ஸ்ரீபெரும்புதூர்ல செயின்ட் கோபைன் கம்பெனியோட ஃப்ளோட் பிளான்ட் 2000-த்துல இருந்து ஓடுது. அந்தக் கம்பெனியோட பூர்வீகம் பிரான்ஸ், பிறந்த வருஷம் 1665. வெர்சேல்ஸ் அரண்மனைக் கண்ணாடி மண்டபத்துக்குக் கண்ணாடி செஞ்ச பரம்பரை! ஃப்ளோட் உலையில இன்னொரு விசேஷம். ஒருமுறை பத்த வெச்சா, பல வருஷத்துக்கு ராத்திரி பகல் அணைக்கவே மாட்டாங்க. தீபாவளி, பொங்கல் எதுக்கும் லீவு கிடையாது. நம்ம மெஸ் அடுப்பு கூட ஞாயித்துக்கிழமை ராத்திரி அணைஞ்சிடும்!

இந்தச் சாதாரணக் கண்ணாடி உடைஞ்சா கத்தி மாதிரி நீளநீளமா உடையும். அதனால வந்தவங்க ரெண்டு பேர்.

முதல் ஆள் டெம்பர்டு. கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல சூடாக்கி, சட்டுனு ரெண்டு பக்கமும் காத்தடிச்சுக் குளிர வைப்பாங்க. வெளித்தோல் முதல்ல இறுகிடும். உள்பக்கம் மெதுவா ஆறிச் சுருங்கும்போது அந்தத் தோலை உள்ள இழுத்துப் பிடிக்கும். அதனால வெளிய அழுத்தம், உள்ள இழுவிசை. சாதாரணக் கண்ணாடியைவிட நாலஞ்சு மடங்கு பலம். உடைஞ்சாலும் கல்கண்டு மாதிரி சின்னச் சின்னத் துண்டா உதிரும்.

ரெண்டாவது ஆள் லேமினேட்டடு. ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல பிளாஸ்டிக் ஏடு. சாண்ட்விச் மாதிரி! 1903-ல பிரான்ஸ்ல எட்வர்ட் பெனடிக்டஸ்ங்கிறவர் லேப்ல ஒரு குடுவையைத் தவறவிட்டார். விரிசல் விட்டுச்சு, ஆனா சிதறல. உள்ள காய்ஞ்சு போயிருந்த ஒரு ரசாயனப் படலம் துண்டுகளைப் பிடிச்சு வெச்சிருந்தது. அதுல இருந்து பிறந்ததுதான் இது. காரோட முன்பக்கக் கண்ணாடி லேமினேட்டடு. பக்கவாட்டுக் கண்ணாடி பெரும்பாலும் டெம்பர்டு. அடுத்த தடவை உடைஞ்ச காரைப் பார்த்தா கவனிங்க, வித்தியாசம் பளிச்சுனு தெரியும்.

உயரமான கட்டடத்துல இந்த வித்தியாசம் முக்கியம். டெம்பர்டு உடைஞ்சா மொத்தமா உதிர்ந்திடும். திறந்த ஓட்டை! லேமினேட்டடு உடைஞ்சாலும் தொங்கிக்கிட்டாவது இடத்துல நிக்கும். தலைக்கு மேல இருக்கிற கூரைக் கண்ணாடி, பால்கனித் தடுப்பு இதுக்கெல்லாம் லேமினேட்டடு ஏன் வேணும்னு இப்போ புரியுதா?

'கண்ணாடி பாவம்'னு தலைப்பு வெச்சுட்டு ஒரு உண்மையை மறைக்கக் கூடாது. சில சமயம் கண்ணாடியே துரோகம் பண்ணும். டெம்பர்டு கண்ணாடி ஒரு நாள், யாரும் தொடாமலேயே 'டப்'புனு வெடிக்கும். பேய் இல்லீங்க, நிக்கல் சல்ஃபைடு! தயாரிக்கும்போது உள்ள மாட்டிக்கிற கண்ணுக்கே தெரியாத துகள். 379 டிகிரிக்கு மேல அதுக்கு ஒரு வடிவம், கீழ இன்னொரு வடிவம். டெம்பர் பண்ணும்போது சட்டுனு குளிர்றதால வடிவம் மாற டைம் கிடைக்காது. அப்புறம் மாசக்கணக்குல, வருஷக்கணக்குல மெதுவா மாறி, 2-ல இருந்து 4 சதவீதம் வீங்கும். உள்ள ஏற்கெனவே இழுவிசை இருக்கே... அவ்வளவுதான். மெல்போர்ன்ல ஐ.சி.ஐ. ஹவுஸ் கட்டடத்துல கண்ணாடிகள் உடைஞ்சதை ஆராய்ஞ்சுதான் 1961-ல இந்தத் துகளைக் கண்டுபிடிச்சாங்க. இதுக்கு மருந்து 'ஹீட் சோக்'. டெம்பர் பண்ணின கண்ணாடியை மறுபடி 290 டிகிரி கிட்ட சூடாக்கி, சில மணி நேரம் வெச்சிருப்பாங்க. கெட்டது இருந்தா ஃபேக்டரியிலயே உடைஞ்சிடும். மாடல் எக்ஸாம் மாதிரி. அங்க ஃபெயிலானா பரவாயில்ல, செமஸ்டர்ல ஃபெயிலாகக் கூடாது!

சிங்கப்பூர்: நகத்தளவு ரிவெட்

மூணாவது கதைக்கு வருவோம். சிங்கப்பூர். நம்ம தெருவுல யாரோட மாமாவாவது, சித்தப்பாவாவது அங்க இருப்பாங்க. அங்க பெரும்பாலானவங்க வசிக்கிறது அரசு கட்டின எச்.டி.பி. அடுக்குமாடிகள்ல. அங்க ஜன்னல் கதவுகளே மாடியில இருந்து கழண்டு விழ ஆரம்பிச்சது. கண்ணாடி இல்ல, ஃப்ரேமோட முழுக் கதவும்!

காரணம் ரிவெட். வெளிப்பக்கமா திறக்கிற ஜன்னலைத் தாங்கிப் பிடிக்கிற கை ஒண்ணு இருக்கும். அதை ஃப்ரேமோட சேர்த்து வெச்சிருந்தது அலுமினிய ரிவெட். வெயில், மழை, ஈரம், திறந்து மூடுற தேய்மானம். வருஷம் போகப் போக அது அரிச்சுப் போகும். ஒரு நாள் அம்மா துணி காயப் போட ஜன்னலைத் தள்ளுவாங்க. கதவு கையோட நிக்காது, கீழ போயிடும். கீழ நடந்து போறவங்க கதி?

சிங்கப்பூர் அரசு 'பார்த்துப் பத்திரமா இருங்க'ன்னு போஸ்டர் ஒட்டுறதோட நிறுத்தல. 2004-ல சட்டமே போட்டுச்சு. இந்த வகை ஜன்னல்ல அலுமினிய ரிவெட்டை எடுத்துட்டு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரிவெட் மாத்தியே ஆகணும். பராமரிக்காம விட்டு ஜன்னல் விழுந்துச்சுன்னா, வீட்டுக்காரருக்கு 10,000 சிங்கப்பூர் டாலர் வரைக்கும் அபராதம், ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும். யாருக்கும் அடிபடலைன்னாலும் கேஸ் உண்டு.

பாஸ்டன்ல ஒட்டு, டொரான்டோவுல ஃப்ரேம், சிங்கப்பூர்ல ரிவெட். மூணு ஊர்லயும் தப்பு நடந்தது ஓரத்துல. நாம எல்லாரும் நடுவுல இருக்கிற பளபளப்பைப் பார்க்கிறோம். எமன் ஓரத்துல உட்கார்ந்திருக்கான்.

பாட்டி வீட்டு ஜன்னல் கம்பி

இனிமே பேசப்போறதுல உடையுறதே கிடையாது. ஜன்னல் நல்லாத்தான் இருக்கு. திறந்திருக்கு, அவ்வளவுதான்.

ஹாஸ்டல்ல கிடார் வாசிக்கிற ஒருத்தனாவது எரிக் கிளாப்டனோட 'டியர்ஸ் இன் ஹெவன்' பாட்டை வாசிச்சுப் பார்த்திருப்பான். 1992-ல வந்தது. அந்தப் பாட்டு ஏன் பிறந்துச்சுன்னு நிறைய பேருக்குத் தெரியாது. 1991 மார்ச்ல நியூயார்க் மன்ஹாட்டன்ல 53-வது மாடி ஜன்னல்ல இருந்து தவறி விழுந்து, அவரோட நாலு வயசு மகன் இறந்துட்டான். அப்புறம் ஜன்னலைப் பாதுகாப்பா வைங்கன்னு பெத்தவங்களுக்குச் சொல்ற விளம்பரங்கள்ல அவரே பேசினார்.

அதே நியூயார்க்தான் இந்த விஷயத்துல உலகத்துக்கே பாடமும் சொல்லிக் கொடுத்த ஊர். 1972-ல அந்த நகரத்தோட சுகாதாரத் துறை ஒரு திட்டம் ஆரம்பிச்சது. பேரே 'குழந்தைகளால் பறக்க முடியாது'. ப்ராங்க்ஸ் பகுதியில வீடு வீடாப் போய் பேசினாங்க, ஜன்னலுக்குத் தடுப்புக் கம்பியை இலவசமாக் கொடுத்தாங்க. 1973-க்கும் 1975-க்கும் நடுவுல அந்தப் பகுதியில குழந்தைகள் ஜன்னல்ல இருந்து விழுறது பாதியாக் குறைஞ்சது. 1976-ல அதைச் சட்டமாவே ஆக்கினாங்க. மூணோ, அதுக்கு மேலயோ வீடு இருக்கிற கட்டடத்துல, 10 வயசும் அதுக்குக் கீழயும் உள்ள குழந்தை குடியிருந்தா, ஹவுஸ் ஓனர் தடுப்புக் கம்பி போட்டே ஆகணும். இடைவெளி நாலரை இஞ்சுக்கு மேல போகக் கூடாது. ஏன் நாலரை? குழந்தையோட உடம்பு நுழையக் கூடாது. கணக்கு அவ்வளவுதான். ஆனா தீ விபத்துல தப்பிக்கிற வழியா இருக்கிற ஜன்னலுக்கு மட்டும் கம்பி போடக் கூடாதுன்னும் சேர்த்தே சொன்னாங்க.

இப்போ உங்க பாட்டி வீட்டு ஜன்னலை யோசிச்சுப் பாருங்க. மரச்சட்டம், நடுவுல வரிசையா இரும்புக் கம்பி. அதைப் பிடிச்சுக்கிட்டுத்தானே தெருவுல போற ஐஸ் வண்டியை வேடிக்கை பார்த்தோம்? திருடனுக்காகப் போட்ட கம்பிதான், ஆனா அது குழந்தையையும் காப்பாத்துச்சு. நியூயார்க் சட்டம் போட்டு வாங்கினதை, நம்ம ஊர் தச்சரும் கொல்லரும் சட்டம் இல்லாமலே கொடுத்துட்டாங்க. நாம என்ன பண்றோம்? புது ஃப்ளாட்டுக்குக் குடிபோகும்போது, 'கம்பி போட்டா ஜெயில் மாதிரி இருக்கு, வியூ போயிடும்'னு கழட்டிட்டு வழுக்கிக்கிட்டுத் திறக்கிற கண்ணாடி ஜன்னல் போடுறோம். சில இடத்துல, 'வெளித்தோற்றம் கெட்டுடும், கிரில் போடாதீங்க'ன்னு அசோசியேஷனே சொல்லும். 'கொசு வலை இருக்கே'ன்னு சமாதானம் வேற. கொசு வலை கொசுவுக்குத்தான் பாஸ். குழந்தை சாய்ஞ்சா தாங்காது.

வழி இல்லாம இல்ல. உள்பக்கமா கிரில் போடலாம். ஜன்னல் நாலு இஞ்சுக்கு மேல திறக்காத மாதிரி ஸ்டாப்பர் போடலாம். தீ பிடிச்சா தப்பிக்க ஒரு கிரில்லை மட்டும் உள்ள இருந்து திறக்கிற மாதிரி வெச்சுக்கலாம். காசே செலவாகாத வழியும் இருக்கு. ஜன்னலுக்குக் கீழ கட்டில், சோபா, ஸ்டூல் எதையும் போடாதீங்க. குட்டிப் பசங்களுக்கு அதெல்லாம் ஏணி.

ரெண்டாவது கயிறு

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாம. அந்தப் பக்கம் யாரு? கயிறுல தொங்கிக்கிட்டு துடைக்கிற அண்ணன்கள். ஓ.எம்.ஆர்.ல ஒரு டீக்கடையில அப்படி ஒரு அண்ணனோட பேசினேன். 'பயமா இருக்காதாண்ணா?'ன்னு கேட்டேன். 'உயரம் பழகிடும் தம்பி. மேல போய் கயிறு கட்ட இடம் தேடும்போதுதான் பயம். சில பில்டிங்ல கொக்கியே வெச்சிருக்க மாட்டாங்க. தண்ணி டேங்க் தூண், ஏசி ஸ்டாண்டு, எது கிடைக்குதோ அதுல கட்டணும். நீ இன்ஜினீயருக்குத்தானே படிக்கிற? கட்டும்போதே ஒரு கொக்கி வெச்சா என்ன குறைஞ்சு போச்சு?'

என்கிட்ட பதில் இல்ல. கயிறு வேலைக்கு உலகம் முழுக்க ஒத்துக்கிட்ட ஒரு விதி இருக்கு. கயிறு எப்பவும் ரெண்டு. ஒண்ணு வேலைக்கு, இன்னொண்ணு உயிருக்கு. ரெண்டும் தனித்தனி இடத்துல கட்டியிருக்கணும். நாம டிராயிங் ஷீட்ல கண்ணாடி முகப்பை வரைஞ்சு 'வாவ்' வாங்கிட்டுப் போயிடுறோம். அதை யார், எதுல தொங்கிக்கிட்டு, எப்படித் துடைப்பாங்கன்னு வைவாவுல எந்த எக்ஸ்டர்னலும் கேட்கிறதில்ல. சிவில், ஆர்க்கிடெக்சர் மக்களே... அடுத்த ப்ராஜெக்ட்ல அந்தக் கொக்கியை நீங்களே வரைஞ்சிடுங்களேன், ப்ளீஸ்.

இந்த வார அசைன்மென்ட்

மார்க் கிடையாது, ஆனா சப்மிட் பண்ணியே ஆகணும்!

ஒண்ணு: உங்க காலேஜ் கண்ணாடிக் கதவு, ஜன்னல் ஓரத்துல குட்டியா ஒரு முத்திரை இருக்கான்னு பாருங்க. கட்டடத்துல போடுற பாதுகாப்புக் கண்ணாடிக்கு இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 2553. அந்த நம்பரும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருந்தா சந்தோஷம். இல்லைன்னா, அது என்ன கண்ணாடின்னு மெயின்டனன்ஸ் ஆபீஸ்ல கேளுங்க. கேட்கிறதுக்கு ஃபீஸ் இல்ல.

ரெண்டு: ஹாஸ்டல் ஜன்னலைத் திறந்து மூடிப் பாருங்க. இறுக்கமா இருக்கா, ஆடுதா, கீல் துரு பிடிச்சிருக்கா, ஸ்க்ரூ காணோமா? வார்டன் கிட்ட வாயால சொன்னா காத்தோட போயிடும். எழுதிக் கொடுங்க, தேதி போட்டு. ஒட்டாத ஜன்னலைத் தோளால இடிச்சுத் திறக்கிற வீரம் வேணாம், டொரான்டோ ஞாபகம் இருக்கட்டும்.

மூணு: ஜன்னல் திட்டுல உட்கார்ந்து போன் பேசுற ரொமான்ஸ் மன்னர்களே, கைப்பிடிச் சுவர்ல ஏறி செல்ஃபி எடுக்கிற செல்லங்களே... நேஷனல் பில்டிங் கோட், பால்கனி, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் ஒரு மீட்டருக்குக் குறையக் கூடாதுன்னு சொல்லுது. ஏன்னா நம்ம சென்டர் ஆஃப் கிராவிட்டி கிட்டத்தட்ட தொப்புள் உயரத்துல இருக்கு. தடுப்பு அதுக்குக் கீழ போனா, ஒரு சின்னத் தள்ளு போதும். நீங்க மேல ஏறி உட்கார்ந்துட்டா, கோடு போட்ட கணக்கே செல்லாது. ஃபர்ஸ்ட் இயர் மெக்கானிக்ஸ் மறந்தாலும் இதை மறக்காதீங்க.

நாலு: ஏசி பஸ், ஏசி கோச்ல ஏறினதும் எமர்ஜென்சி ஜன்னலும் சுத்தியலும் எங்க இருக்குன்னு ஒரு பார்வை பாருங்க. அவசரம்னா கண்ணாடி நடுவுல அடிக்காதீங்க, மூலையில அடிங்க. டெம்பர்டு கண்ணாடிக்கு உயிர்நிலை ஓரம்தான்.

அஞ்சு: இந்த வீக் எண்ட் வீட்டுக்குப் போறீங்களா? குட்டித் தம்பி, அக்கா பையன், மாடி வீட்டுப் பாப்பா யாராவது இருந்தா, அவங்க உயரத்துக்கு மண்டி போட்டு, ஒவ்வொரு ஜன்னலையும் பாருங்க. எதுல ஏறலாம், எதுல நுழையலாம்னு அவங்க கண்ணால பாருங்க. ஒரு ஸ்டூலை நகர்த்தி வைக்க ரெண்டு நிமிஷம் கூட ஆகாது.

இன்னும் சில வருஷத்துல நம்மள்ல சில பேர் கட்டடம் டிசைன் பண்ணுவோம், சில பேர் அதுக்கு மெட்டீரியல் வாங்குற சீட்ல இருப்போம், மீதிப் பேர் லோன் போட்டு அதுல குடியிருப்போம். 'ஸ்டெயின்லெஸ் வேணாம், அலுமினியம் போதும், ஒரு ரிவெட்டுக்கு ஒரு ரூபா மிச்சம்'னு யாராவது நம்ம முன்னாடி ஃபைலை நீட்டுற நாள் வரும். அன்னிக்குக் கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ஜன்னலுக்குக் கீழ யார் நடந்து போறாங்கன்னு ஒரு தடவை எட்டிப் பாருங்க. ரொம்ப எட்டிப் பார்க்காதீங்க, ஜாக்கிரதை!

அடுத்த வாரம் லிஃப்ட்ல மீட் பண்ணுவோம். அதாங்க, அடுத்த டாபிக் லிஃப்ட்! வர்ட்டா?